வாடாமல்லி நிறச் சாக்கு

சில வருடங்களுக்கு முன்னால், மார்கழி பிறந்த சமயத்தில் நடந்தது இது. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே வந்தால் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து ஓடும் ஒரு சின்ன ஆறு உண்டு. அதன் தென்கரையை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். நான் அங்கே குட்டியானை ஓட்டுகிறேன். தும்பிக்கை இல்லாத, நான்கு சக்கரம் வைத்த சின்ன லோடு வண்டி. படிப்பு நான்காம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தேன். வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனம் வரவில்லை என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். சில இடங்களில் "இது வேணாம்ப்பா" என்று அடித்துவிட்டாள். அதெல்லாம் என்னைப் பற்றி நானே புகழ்ந்துகொண்ட இடங்கள்.

மார்கழிக் கதைக்கு முன்னால் அதற்கு முந்தின வருடத்து உடைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இது புரியாது.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் விடாத மழை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு விடியற்காலையில் ஊருக்கு மேற்கே கரை உடைத்துக்கொண்டது. உடைப்புக்கு நேர் கீழே என் மச்சினன் வயல். அதாவது என் மனைவியின் தம்பி. அப்போதுதான் சம்பா நட்டுப் பயிர் பிடித்திருந்தது. தண்ணீர் வந்த வேகத்தில் நாற்றும் போச்சு, வரப்பும் போச்சு. அடுத்து எங்கள் எல்லோருடைய வயலும், அதற்கடுத்து தெருவும்தான்.

எங்கள் பக்கத்து ஆற்றைக் கவனிக்கிற இன்ஜினியர் ஒரு அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மழையோடு வந்து நின்றார். சவுக்குக் கட்டை பக்கத்துத் தோப்பிலேயே கிடைத்தது. மண் மூட்டை போடத்தான் சாக்கு இல்லை. இந்த மாதிரி அவசரத்தில் டெண்டர் விடாமல் நேராகக் கம்பெனியில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கத்தில் ஒரு விதிவிலக்கு உண்டாம். அதை வைத்து அந்த அம்மா போனிலேயே சாக்குக்குச் சொல்லிவிட்டார். லாரியும் கிளம்பிவிட்டது. ஆனால் வழியில் ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டதால் லாரி அக்கரையிலேயே நின்றுகொண்டது.

அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல சாக்கு இருக்குல்ல?"

இருந்தது. குறுவை நெல் சணல் சாக்கில் கட்டி வீட்டுக்கு வீடு அடுக்கியிருந்தது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை.

"நெல்லக் கொட்டிட்டுச் சாக்கக் குடுங்க. லாரி வந்ததும் நான் திருப்பித் தந்துர்றேன்" என்றார்.

யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் அது புதிதில்லை. நடவின்போது நாற்று குறைந்தால் பக்கத்து வயலில் கட்டு வாங்கி நட்டுவிட்டு, அடுத்த போகத்தில் கட்டாகவே திருப்பிக் கொடுப்போம். கைமாற்று. அதற்குச் சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. அவரவர் வீட்டுக் கூடத்தில் நெல்லைக் கொட்டினோம். எங்கள் வீட்டில் நெல் நடுவில், நாங்கள் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டோம். நான் குட்டியானையில் சாக்கு ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனேன். இரண்டு வரிசைச் சவுக்குக் கட்டை அடித்து, நடுவில் மூட்டை அடுக்கி, ஊரே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உடைப்பை அடைத்தது. அந்த அம்மாவும் தண்ணீரில்தான் நின்றார். என் பெயர் கேட்க நேரமில்லாமல் "ஏ குட்டியானை, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் குட்டியானைதான்.

எல்லாம் முடிந்த பிறகு லாரி வந்தது. சாக்கைப் பார்த்ததும் ஊரே சிரித்தது. அவசரத்தில் அந்தக் கம்பெனியிடம் இருந்த சரக்கு அதுதானாம். பளபளவென்று வாடாமல்லி நிறத்தில் பிளாஸ்டிக் சாக்கு. சொன்ன சொல்படி அந்த அம்மா, யார் யார் எவ்வளவு சாக்கு கொடுத்தார்களோ அவ்வளவையும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கைமாற்று தீர்ந்தது என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

அரசாங்கம் மறக்கவில்லை. அடுத்த வருடம் மார்கழியில் ஆடிட் வந்தது.

டெண்டர் இல்லாமல் வாங்கிய சாமானையெல்லாம் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வந்தவர் மெலிந்த மனிதர். மெதுவான குரல். கையில் குடை. கரை ரோட்டில் அவர் வந்த கார் பாதியில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அந்த வழியாக வைக்கோல் இறக்கிவிட்டு வந்த நான், "வாங்க சார், யானை மேல போவோம்" என்று ஏற்றிக்கொண்டேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நாலாவது சார். ரெண்டு தடவ."

"உடைப்பு அடைக்கிறப்ப இங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். நான் தண்ணியில எறங்குனதும் ஆறு நாலு அங்குலம் ஏறிடுச்சுன்னு எல்லாரும் என்னக் கரை ஏறச் சொல்லிட்டாங்க."

சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ஆபீசரையே சிரிக்க வைத்துவிட்டோம் என்று ஒரு மிதப்பு. மிதப்பு வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. என் மனைவிக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள்.

உடைப்பு அடைத்த இடத்தில் இன்ஜினியர் அம்மா தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கீழே வயலில் நின்ற என் மச்சினனும் வேடிக்கை பார்க்க மேலே ஏறி வந்தான். ஆற்றில் தண்ணீர் நிறையவே போய்க்கொண்டிருந்தது. அவன் வயலில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம்.

ஆடிட்டர் குடையை விரித்தார். "இந்த இடம்தானே மேடம்? வாங்கின சாக்கெல்லாம் இந்தக் கரைக்குள்ள இருக்கு?"

"சார், அதுல ஒரு விசயம் இருக்கு" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். "நானே ஒங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

அதற்குள் நான் புகுந்தேன். "கரைக்குள்ள எதுக்கு சார் தேடுறீங்க? இவ்வளவு நேரம் அது மேலதான ஒக்காந்து வந்தீங்க."

உண்மைதான். என் வண்டி சீட் கிழிந்து பஞ்சு வந்ததால், அந்த வாடாமல்லிச் சாக்கில் ஒன்றை மடித்துத்தான் போட்டிருந்தேன். மச்சினன் 'ஹெ' என்று சிரித்தான். அடுத்த நொடி நிறுத்திக்கொண்டான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டான். நான்தான் கடைசியாகப் பார்த்தேன்.

ஆடிட்டர் வண்டிக்குப் போய் சீட்டிலிருந்த சாக்கை எடுத்து விரித்துப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். பிறகு கரைமேல் நின்றபடியே ஊர்ப்பக்கம் திரும்பினார். கரையிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்க் கொல்லைப்புறம் அத்தனையும் தெரியும். வைக்கோல் போர் மேல் வாடாமல்லி. கோழிக்கூட்டுக்கு மேல் வாடாமல்லி. குளியல் மறைப்பு வாடாமல்லி. ஒரு வீட்டில் மாட்டுக்குக் குளிருக்குப் போர்த்தியதும் வாடாமல்லி. ஊர் முழுக்கப் பூத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். ஊரார் கொடுத்த சாக்கு, நின்றுபோன லாரி, திருப்பிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆடிட்டர் முழுக்கக் கேட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்."

அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். "சொல்ல வந்தேன் சார்."

எனக்குப் புரிந்துபோனது. அவர் தானாகச் சொல்லியிருந்தால் அது விவரம். நான் சிரிப்புக் காட்டியதும் அதே பேச்சு, மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிற சமாளிப்பாக ஆகிவிட்டது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. வரிசையை மட்டும் நான் மாற்றிவிட்டேன்.

"டெண்டர் வேணாம்னு விலக்கு குடுக்கறது ஒடைப்ப அடைக்கத்தான்" என்றார் ஆடிட்டர். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. "அடைச்ச பிறகு வந்த சாக்க ஊருக்குக் குடுத்துட்டா, அது அவசரத்துக்கு வாங்குனதுன்னு நான் எப்படி எழுதறது?"

"வாங்கச் சொன்னப்ப அவசரம் இருந்துச்சு சார். வந்து சேந்தப்ப ஊர்க்காரங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு."

"சரி. அப்ப ஊர்க்காரங்க சாக்கு இந்தக் கரைக்குள்ள இருக்கணும். ஓரமா கொஞ்சம் தோண்டி ஒண்ணே ஒண்ணக் காட்டுங்க. எனக்குப் போதும்."

அவ்வளவுதானே என்று எனக்கு உயிர் வந்தது. நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிடலாம் என்று வண்டிக்கு ஓடினேன். பின்னால் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, கரைச் சரிவில் இறங்கி ஓங்கினேன். மண்வெட்டி கீழே வரவில்லை. அந்த அம்மா பின்னாலிருந்து காம்பைப் பிடித்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒரே ஒரு வெட்டு மேடம். சாக்கு தெரிஞ்சிடும்."

"தண்ணி ஓடுற கரையில மம்பட்டி வைப்பீங்களா? போன வருசம் தண்ணியில நின்னது மறந்துபோச்சா?"

"மூடிடலாம் மேடம்."

"நீங்க மூடுவீங்க. தண்ணி அத ஒத்துக்கணுமே. விடுங்க கைய."

விட்டேன். மச்சினன் என்னையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல் தன் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடம் மணலை வாரிக் கொட்டிவிட்டு, இந்த வருடம்தான் நட்டிருந்தான்.

அந்த அம்மா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஆடிட்டரிடம் சொன்னார். "எம்மேல என்ன எழுதணுமோ எழுதிக்குங்க சார். கரையத் தொட வேணாம். மாசியில தண்ணி நிக்கும். அப்ப வந்து எங்க வேணாலும் தோண்டிப் பாருங்க."

"எனக்கு மாசி வரைக்கும் டைம் இல்ல மேடம். இந்த மாசமே ரிப்போர்ட் போகணும். ஒங்களுக்குந்தான் டைம் இல்ல. ஜனவரிக் கடைசியில ரிட்டயர்மெண்ட்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஆமா சார்."

அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டாம். ரிட்டயர் ஆகிற அன்று மாலையில் கையில் மாலைக்குப் பதில் சஸ்பெண்ட் ஆர்டர் கொடுப்பதை நாம் எத்தனை தடவை கேள்விப்பட்டிருக்கிறோம். அப்புறம் பென்ஷன் நின்றுபோகும். கேஸ் எப்போது முடியும் என்று கேஸுக்கே தெரியாது.

ஆடிட்டர் குடையை மடக்கினார். "நாளைக்குக் காலையில ஊருக்குள்ள வர்றேன். சாக்கு குடுத்தவங்களே சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

அவரைக் கார் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"குட்டியானை."

"சொல்லுங்க மேடம்."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாயத் தொறக்காம இருங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "ஒங்க வாய்க்கு ஒரு சாக்கத் தச்சுப் போட்டிருக்கணும், எங்கப்பா சீர் வாங்கறப்பவே" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் அதைக் கண்டு பயந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மச்சினன் கரையிலிருந்து இறங்கி வீடு போவதற்குள் விஷயம் ஊருக்குள் போய்விட்டது. போன விதம்தான் சரியில்லை. டீக்கடையில் அது 'ஆபீசர் சாக்கைக் கணக்கெடுக்க வர்றார்' என்று இருந்தது. பால் ஊற்றுகிற இடத்தில் 'சாக்கைத் திருப்பிக் கேட்கிறார்கள்' என்று ஆனது. கோயில் பக்கம் போனபோது 'சாக்கு வைத்திருப்பவர்கள் மேல் கேஸ்' என்று கேட்டது. நான் வீடு வீடாகப் போனேன். "அப்படியெல்லாம் இல்ல, நடந்தத நடந்த மாதிரிச் சொல்லுங்க, பாவம் அந்த அம்மா" என்று கெஞ்சினேன்.

யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "போன மாசம் கலெக்டர் வர்றாருன்னு நீ சொல்லித்தானய்யா நான் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு ரோட்டுல நின்னேன்."

நின்றார்தான். நானும் மறைவில் நின்று பார்த்துச் சிரித்தேன்தான். இத்தனை வருடம் ஊரைச் சிரிக்க வைத்ததற்கு, உண்மை சொல்ல வேண்டிய ஒரே நாளில் கூலி கிடைத்தது.

காலையில் எழுந்து கொல்லைப்பக்கம் பார்த்தேன். ஊரில் வாடாமல்லி நிறமே இல்லை. வைக்கோல் போர் மொட்டையாக நின்றது. கோழிகள் வெயிலில் உட்கார்ந்திருந்தன. குளியல் மறைப்பில் அவசரமாக ஒரு பழைய போர்வை தொங்கியது. என் வண்டி சீட்டிலும் பஞ்சுதான் இருந்தது.

ஆடிட்டரும் அந்த அம்மாவும் நடந்து வந்தார்கள். நான் பின்னாலேயே, உதட்டைக் கடித்துக்கொண்டு போனேன்.

முதல் வீட்டில் கேட்டார். "உடைப்பு சமயத்துல சாக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"சாக்கா? இல்லீங்களே."

"பதிலுக்கு வாடாமல்லிக் கலர்ல சாக்கு வந்துச்சா?"

"அப்படி ஒரு கலர் எங்க வீட்லயே ஆகாது சார்."

அடுத்த வீட்டில் ஒரு அண்ணன், தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கிற குடும்பம், "சாக்குன்னு ஒண்ண நாங்க வச்சுக்கறதே இல்லீங்க" என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மச்சினன் வீட்டிலும் இதே பதில். அவனுக்கு வயலில் மணல் ஏறியதற்கு நிவாரணம் வர வேண்டியிருந்தது. சாக்கு வாங்கினேன் என்று சொன்னால் அதில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்த அம்மா காப்பாற்றிக் கொடுத்த கதிர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவன், "தெரியலீங்க" என்றான்.

ஒவ்வொரு பதிலையும் ஆடிட்டர் எழுதிக்கொண்டே வந்தார். நடுத்தெருவில் நின்று, "மேடம், நீங்க யார்கிட்டயாவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"வேணாம் சார். நான் கேட்டா, நான் சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. என் வீடு அடுத்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் என் மனைவி உள்ளிருந்து வந்துவிட்டாள். தவிட்டுப் பீப்பாய்க்குப் பின்னால் அவளே ஒளித்து வைத்திருந்த சாக்கை உதறிக்கொண்டே வந்தாள். தவிடு ஆடிட்டர் சட்டை மேல் பறந்தது.

"நாங்க குடுத்தோம் சார். எல்லாம் புதுச் சணல் சாக்கு. நெல்லக் கூடத்துல கொட்டிட்டுக் குடுத்தோம். பதிலுக்கு இதத் தந்தாங்க. இத வச்சுக்கிட்டு என்ன செய்யச் சொல்றீங்க?"

ஆடிட்டர் நிமிர்ந்தார். "ஏன், இதுக்கு என்னம்மா?"

"என்னவா? நெல்லக் கட்டி வச்சா வேத்துப் போயிடுது சார். வெயில்ல வச்சா ரெண்டு மாசத்துல பொடியாக் கொட்டுது. சணல் சாக்குன்னா நாலு போகத்துக்கு வரும். நட்டம் எங்களுக்கு. இத யாருகிட்ட சொல்றது?"

அவள் திட்டம் போட்டெல்லாம் பேசவில்லை. அது ஒரு வருடமாக அவள் வயிற்றெரிச்சல். சாக்கு பற்றிக் கேட்க ஒரு ஆபீசரே வாசலுக்கு வந்ததும் கொட்டிவிட்டாள். அந்த நேரம் கேஸ், ரிட்டயர்மெண்ட் எதுவுமே அவளுக்கு ஞாபகமில்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

"யார் சார் வாங்கித் தந்தாங்கன்னு எழுதிக்கிறீங்களா? இதோ நிக்கிறாங்களே, இந்த மேடம்தான்."

எதிர்வீட்டு அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஏன்க்கா, ஒங்க வீட்டுச் சாக்கு மட்டுந்தான் புதுசா? எங்களுது கடையிலேர்ந்து வந்து கட்டுப் பிரிக்காத சாக்கு." சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து வாடாமல்லியை இழுத்துக்கொண்டு வந்தார். இஸ்திரிச் சட்டைக்காரர் தன் மனைவியைத் தடுக்கப் பார்த்துவிட்டு, அவரும் பின்னாலேயே வந்தார். "சார், எங்களுக்குத் தந்ததுல ஒண்ணு ஓட்டை. அதையும் எழுதிக்குங்க."

அதற்குப் பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. பரணிலிருந்து, குதிருக்குள்ளிருந்து, வைக்கோலுக்குள்ளிருந்து வாடாமல்லி வெளியே வந்தது. சாக்கே வைத்துக்கொள்ளாத அண்ணன் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாயம் போவுது சார். வேட்டியோட சேத்து நனைச்சேன், வேட்டியும் இந்தக் கலராயிடுச்சு."

"கூடத்துல கொட்டுன நெல்ல எலி தின்னுச்சே, அத யாரு குடுப்பா?"

"மேடம், அன்னிக்குச் சாக்கத் திருப்பித் தர்றேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

"சணல் சாக்கத் தர்றேன்னு சொல்லிட்டு இத..."

"சாக்குன்னுதாங்க சொன்னேன்."

"பாத்தீங்களா சார், பேச்ச எப்படி மாத்துறாங்கன்னு."

கடைசியாக மச்சினன் வந்தான். அவன் கையில் சாக்கு இல்லை. ஆடிட்டருக்கு முன்னால் வந்து நின்றான். "நான் மொத சொன்னது பொய் சார். நானும் குடுத்தேன். என் சாக்கு எல்லாத்துலயும் பெயிண்ட்ல எங்கப்பா பேரு எழுதியிருக்கும். எல்லாம் அந்தக் கரைக்குள்ளதான் கெடக்கு. மாசியில வந்து வேணாப் பாருங்க, நானே வெட்டிக் காட்டறேன்." சொல்லிவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வந்தான். வராமல், "எனக்கும் சணல் சாக்குதான் வேணும் மேடம்" என்றான்.

ஆடிட்டர் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எப்போது சாக்கு கொடுத்தீர்கள், யார் கேட்டார்கள், பதிலுக்கு எப்போது வந்தது, என்ன குறை என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். குறை என்றதும் கையெழுத்துப் போட வரிசை நின்றது. முந்தின நாள் சாட்சி சொல்லுங்கள் என்று நான் கெஞ்சியபோது கதவைச் சாத்தியவர்கள், அன்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். நானும் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து இது மேலா கீழா என்று கேட்டார். "எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான் சார்" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அந்த அம்மா வேப்பமர நிழலில் நின்று, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஆடிட்டர் எழுந்தார். சட்டையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டார்.

"ஒங்க மேல ஊர்ல இவ்வளவு குறை இருக்கு மேடம். எனக்குத் தெரியாமப் போச்சு."

"ஆமா சார்."

"எல்லாத்தயும் ரிப்போர்ட்ல சேத்துடறேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். விரித்த குடை மறைத்துவிட்டது.

ஜனவரிக் கடைசியில் அந்த அம்மா மாலையோடுதான் ரிட்டயர் ஆனார். அதற்கு அடுத்த வாரம் ஸ்கூட்டரில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருந்தார். அவசரத்துக்கு வாங்கியதுதான் என்று ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள், மாற்றிக் கொடுத்ததை அன்றைக்கே எழுதி வாங்கி ஆபீசுக்கு அனுப்பாதது தப்பு என்று மட்டும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார்.

"அந்த வரி சரிதான். எழுதி வாங்கியிருக்கணும். அன்னிக்குத் தோணல" என்றார்.

"மேடம், அன்னிக்கு நான் வாயத் தொறந்து..." என்று இழுத்தேன்.

"நீங்க தொறந்து கெடுத்தீங்க. ஒங்க வீட்டம்மா தொறந்து சரி பண்ணிட்டாங்க. விடுங்க." பிறகு, "ஊர்ல இன்னும் கோவமா இருக்காங்களா?" என்றார்.

"சணல் சாக்கு எப்ப வரும்னு கேக்கறாங்க மேடம்."

"வராதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, பரவால்ல." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாசியில் ஆறு வற்றியது. தோண்டிப் பார்க்க யாரும் வரவில்லை. மச்சினன் அறுவடையை முடித்திருந்தான். நல்ல விளைச்சல். அந்தக் கரையை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

என் வேடிக்கைப் பேச்சு நின்றுவிடவில்லை. அது செத்தால்தான் நிற்கும் என்று மனைவி சொல்கிறாள். ஆனால் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், அவர் முடிக்கிற வரைக்கும் இப்போது காத்திருக்கிறேன். காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. வேலையும் பென்ஷனும் போகிற நிலையில் இருந்தவர் அந்த அம்மா, ஆனால் ஒரு சாக்குக்குப் பயந்து பொய் சொன்னவர்கள் நாங்கள். அதை நினைத்தால் அன்று சிரிப்பில் தப்பித்துப்போன வெட்கம் இப்போதுதான் நிதானமாக வந்து என் பக்கத்தில் உட்காருகிறது.